முதல் ஆராய்ச்சி ப்ரபோசல்: அலுவலகத்திலும் பட்ஜெட்டிலும் தொடங்குங்கள்

தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருடம் ஆன உதவிப் பேராசிரியர், மத்திய அரசின் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால் முதலில் திறப்பது வெற்று வேர்ட் ஃபைல். தலைப்பு, முன்னுரை, இதுவரை வந்த ஆய்வுகள் என்று நாட்கள் ஓடிவிடும். கடைசி மூன்று நாளில்தான் பட்ஜெட், கொட்டேஷன், ப்ரின்ஸிபல் கையெழுத்து என்று அலைச்சல். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதலில் கல்லூரி அலுவலகம், அடுத்து பட்ஜெட், அதற்குப் பிறகுதான் அறிவியல். அறிவியலை எப்படியும் எழுதிவிடுவீர்கள். உங்களுக்குத் தெரிந்த விஷயம் அது. மாட்டிக்கொள்வது மற்ற இரண்டில்தான்.

எந்தக் கதவைத் தட்டுவது

மூத்தவர்கள் இன்னும் ‘செர்ப் ப்ராஜெக்ட்’ என்றே சொல்வார்கள். செர்ப் என்பது மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்; அது இப்போது இல்லை. 2023-ல் நிறைவேறிய சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, சுருக்கமாக ஏ.என்.ஆர்.எஃப், 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. செர்ப் அதற்குள் கரைந்துவிட்டது. பழைய செர்ப் படிவத்தை சீனியரிடம் வாங்கி நிரப்புவது வீண் வேலை. திட்டங்களின் பெயரும் மாறிவிட்டது, படிவமும் மாறிவிட்டது.

புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஏ.என்.ஆர்.எஃப்-இன் பிரதமர் இளம் ஆய்வாளர் நிதி. கல்லூரிக்குப் போகும் மேல்நிலைச் செலவு தவிர்த்து 60 லட்சம் வரை, மூன்று வருடத்துக்கு. வயது வரம்பு 42, பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தளர்வு உண்டு. வயதை எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள் என்பதை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். நிரந்தரப் பணியிடத்தில் இருப்பவர்களுக்கான நிதி இது. கௌரவ விரிவுரையாளர், ஒப்பந்தப் பணியாளர் என்றால் இதில் நேரம் செலவழிக்காமல் முதுமுனைவர் உதவித்தொகைகளின் பக்கம் போங்கள்.

உயிரித் தொழில்நுட்பம் என்றால் அதற்கான மத்தியத் துறையான டி.பி.டி., மருத்துவம், பொதுச் சுகாதாரம் என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். விண்வெளி சார்ந்த வேலைக்கு இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டம். அதில் இஸ்ரோ தனக்குத் தேவையான ஆய்வுகளைப் பட்டியலாகவே வெளியிடும்; அந்தப் பட்டியலில் உள்ள ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுதினால் சொந்த யோசனையோடு போவதைவிட வழி சுலபம். இறுதியாண்டு மாணவர் ப்ராஜெக்ட் என்றால் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்டம் இருக்கிறது. தொகை சிறியதுதான். ஆனாலும் அரசுப் பணத்தை வாங்கி, செலவழித்து, கணக்கு ஒப்படைத்த அனுபவம் கிடைக்கும். பெரிய நிதிக்கு விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை அதைச் செய்திருந்தால் பின்னால் வரும் பல தலைவலிகள் பழகிப்போயிருக்கும்.

ஒரே ப்ரபோசலை இரண்டு இடத்துக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். ‘இது வேறெங்கும் பரிசீலனையில் இல்லை’ என்று உறுதிமொழி கொடுத்துத்தான் அனுப்புகிறீர்கள். மதிப்பிடும் நிபுணர்கள் பல அமைப்புகளுக்கும் பொதுவானவர்கள். ஒரே ஆளின் மேசைக்கு இரண்டும் போய்ச் சேர்வது அடிக்கடி நடப்பதுதான்.

அலுவலக வேலை: கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்பே

அறிவிப்பு வந்த அன்றே அதை அச்செடுத்து, தகுதி, இணைக்க வேண்டிய சான்றுகள், அனுமதிக்கப்பட்ட செலவு இனங்கள் ஆகிய மூன்று பகுதிகளையும் மார்க்கரால் கோடிடுங்கள். பிறகு கல்லூரி அலுவலகத்துக்குப் போய் இவற்றைத் திரட்டுங்கள்:

- யு.ஜி.சி. அல்லது ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரக் கடிதம், இந்தக் கல்வியாண்டுக்கானது
- அறக்கட்டளை அல்லது சங்கப் பதிவுச் சான்று
- தனியார் கல்லூரி என்றால் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பெற்ற பதிவு எண்
- மத்திய அரசின் பொது நிதி மேலாண்மை அமைப்பான பி.எஃப்.எம்.எஸ்-இல் கல்லூரியின் பதிவு
- பான், வங்கிக் கணக்கு விவரம்

சுயநிதிக் கல்லூரிகளில் வழக்கமாக வரும் சிக்கல் பெயரில்தான். தர்ப்பண் பதிவு அறக்கட்டளையின் பெயரில் இருக்கும், வங்கிக் கணக்கு கல்லூரியின் பெயரில் இருக்கும், பான் மறுபடியும் அறக்கட்டளையின் பெயரில். விண்ணப்பிக்கும்போது இதை யாரும் கேட்க மாட்டார்கள். நிதி ஒதுக்கீடு வந்து பணம் அனுப்பப் போகும் நேரத்தில்தான் மூன்றும் பொருந்தவில்லை என்று நிற்கும். அதைச் சரிசெய்ய அறக்கட்டளைக் கூட்டம், தீர்மானம், வங்கி என்று மாதங்கள் போய்விடும். ப்ரபோசல் எழுதும்போதே அக்கவுண்டன்டிடம் கேட்டு வைத்துவிடுங்கள்.

அடுத்தது நிறுவனத் தலைவரின் ஒப்புதல் சான்று. இதன் வாசகம் அறிவிப்பிலேயே இருக்கும். ஒரு வார்த்தையும் மாற்றாமல் கல்லூரி லெட்டர்ஹெட்டில் அடியுங்கள். தலைப்பு, உங்கள் பெயர், இணை ஆய்வாளர் பெயர் எல்லாம் ஆன்லைன் படிவத்தில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். கையெழுத்து வாங்கிய பிறகு தலைப்பை மாற்றினீர்கள் என்றால் சான்றும் புதிதாக வாங்க வேண்டியதுதான். பல்கலைக்கழகம் என்றால் கையெழுத்து பதிவாளருடையது. கோப்பு அவர் மேசைக்குப் போய்த் திரும்ப ஒரு வாரமாவது ஒதுக்குங்கள்.

மனிதர்கள், விலங்குகள், மரபணு மாற்றிய உயிரிகள் சம்பந்தப்பட்ட வேலையா? நெறிமுறைக் குழு, உயிரிப் பாதுகாப்புக் குழு அனுமதி தேவை. உங்கள் கல்லூரியில் அந்தக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று முதல் வாரத்திலேயே விசாரியுங்கள்.

பட்ஜெட்

செலவு இரண்டு பெரிய இனமாகப் பிரியும். கருவி வாங்கும் மூலதனச் செலவு ஒன்று. ஆள், கெமிக்கல், பயணம், சில்லறைச் செலவு, கல்லூரிக்குப் போகும் மேல்நிலைச் செலவு எல்லாம் சேர்ந்த பொதுச் செலவு இன்னொன்று. நிதி வரும்போதும் இரண்டும் தனித்தனித் தலைப்பில்தான் வரும். மூலதனத் தலைப்பில் மிச்சமானதைக் கெமிக்கலுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே எழுதும்போதே எது எந்தப் பக்கம் என்று தெளிவாகிவிட வேண்டும்.

முதலில் ஆள் சம்பளத்தைப் போடுங்கள். ஆணையைப் பார்த்துத் துல்லியமாகப் போடக்கூடிய இனம் இது, ஆனாலும் இதில்தான் புதியவர்கள் குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போடுகிறார்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையான டி.எஸ்.டி. 2023-ல் வெளியிட்ட ஆணைப்படி இளநிலை ஆய்வாளரான ஜே.ஆர்.எஃப்-க்கு மாதம் 37,000, முதுநிலை ஆய்வாளரான எஸ்.ஆர்.எஃப்-க்கு 42,000. இதன்மேல் நகரத்தின் வகையைப் பொறுத்து வீட்டு வாடகைப் படி. சென்னை எக்ஸ் வகை, 30 சதவீதம்; கோவை, மதுரை, திருச்சி போன்றவை ஒய், 20 சதவீதம்; மற்ற ஊர்கள் 10 சதவீதம். இது 2024 ஜனவரி முதல் உள்ள விகிதம். எழுதும் நாளில் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சென்னைக்குக் கணக்கு இப்படி வரும். முதல் இரண்டு வருடம் ஜே.ஆர்.எஃப்: 37,000 + 11,100 = 48,100; வருடத்துக்கு 5,77,200. மூன்றாம் வருடம் எஸ்.ஆர்.எஃப்: 42,000 + 12,600 = 54,600; வருடத்துக்கு 6,55,200. மூன்று வருடத்துக்கு மொத்தம் 18,09,600. அதே ஆள் கோவையில் என்றால் 16,70,400. சென்னைக் கல்லூரி நண்பரின் பட்ஜெட்டைக் கோவையில் அப்படியே நகலெடுத்தால் 1,39,200 ரூபாய் கூடுதலாகக் கேட்டிருப்பீர்கள். மூன்றாம் வருட உயர்வை மறந்தாலோ, அந்த வருடம் ஆளுக்குக் கொடுக்கப் பணம் இருக்காது.

ஜே.ஆர்.எஃப் ஆக நியமிக்க நெட் அல்லது கேட் போன்ற தேசியத் தேர்வில் தேர்ச்சி வேண்டும். மாவட்டத் தலைநகரில் உள்ள கல்லூரிக்கு அப்படி ஆள் கிடைப்பது கஷ்டம். விளம்பரம் கொடுத்து மூன்று முறை காலியாகப் போனால் ஒரு வருடம் போயிற்று. ‘தகுதியான ஆள் கிடைக்காவிட்டால் ப்ராஜெக்ட் அசோசியேட்’ என்று ப்ரபோசலிலேயே ஒரு வரி சேர்த்து வையுங்கள்.

இனி கருவி. ஒவ்வொரு கருவிக்கும் சமீபத்திய கொட்டேஷன் வேண்டும். வரி போட்ட விலையா, போடாத விலையா என்று கவனியுங்கள். இங்கேதான் பழைய ப்ரபோசலை மாதிரியாக வைத்து எழுதுபவர்கள் சறுக்குகிறார்கள். ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு ஒரு காலத்தில் 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை இருந்தது. 2022 ஜூலை 18-இலிருந்து அது கிடையாது, பெரும்பாலும் 18 சதவீதம்தான். அடிப்படை விலை 8 லட்சம் உள்ள கருவிக்கு 5 சதவீதத்தில் 8,40,000 என்று எழுதியிருப்பீர்கள். வாங்கும்போது பில் 9,44,000 என்று வரும். அந்த 1,04,000 ரூபாயைப் பிறகு யாரும் தர மாட்டார்கள். யூரோவிலோ டாலரிலோ கொட்டேஷன் வந்தால் சுங்க வரி, ஏற்றிறக்குக் கூலி, நிறுவும் செலவு இவற்றையும் கேட்டு எழுதுங்கள். விண்ணப்பித்த நாளுக்கும் வாங்கும் நாளுக்கும் நடுவில் ஒரு வருடம்கூட ஆகலாம். அதற்குள் ரூபாய் மதிப்பு எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஏர் கண்டிஷனர், மேசை நாற்காலி, பொதுப் பயன்பாட்டு லேப்டாப் இவற்றைக் கேட்காதீர்கள். கேட்டதும் மதிப்பீட்டாளருக்கு மீதிப் பட்டியலிலும் சந்தேகம் வந்துவிடும். அதேபோல் விலை உயர்ந்த பகுப்பாய்வுக் கருவியை வாங்கித் தரச் சொன்னால், ‘சென்னை ஐ.ஐ.டி-யின் பொதுப் பகுப்பாய்வுக் கருவி மையமான சைஃப்-இல் கட்டணம் கட்டிப் பார்க்கலாமே’ என்பார்கள். நியாயமான கேள்விதான். ஐ-ஸ்டெம் என்ற தேசியத் தளத்தில் எந்தக் கருவி எந்த ஊரில் இருக்கிறது, மாதிரி ஒன்றுக்குக் கட்டணம் என்ன என்று தேடலாம். மாதிரி எண்ணிக்கை, கட்டணம், வரி என்று பெருக்கி அதைச் சோதனைச் செலவாகப் போடுங்கள். எந்தக் கருவி தினமும் தேவையோ அதை மட்டும் வாங்கக் கேளுங்கள், ஏன் தினமும் தேவை என்று இரண்டு வரியில் சொல்லுங்கள்.

கெமிக்கல் இனத்தில் ‘இதர வேதிப்பொருட்கள் 5,00,000’ என்று ஒரே வரியில் முடித்தால் பாதியாக வெட்டுவார்கள். வெட்டுபவரைக் குறை சொல்லவும் முடியாது, அவருக்குக் காரணமே தரவில்லையே.

நோக்கம்: ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம்

ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைப் பகுதி நிலத்தடி நீரில் குரோமியத்தை அளக்கக் குறைந்த விலை சென்சார் செய்ய விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவில் நோக்கம் இப்படி இருக்கும்: ‘நானோ பொருட்களைப் பயன்படுத்தி குரோமியம் கண்டறியும் சென்சார் உருவாக்குதல்.’ இதைப் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எந்தக் குரோமியம் (நீரில் குரோமியம்-3, அதைவிட நச்சான குரோமியம்-6 என்று இரண்டு வடிவம் உண்டு), எவ்வளவு குறைந்த அளவு வரை, எந்த நீரில், சரியாக அளக்கிறது என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

திருத்தியது: ‘நிலத்தடி நீரில் குரோமியம்-6-ஐ லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கும் குறைவான அளவில் அளக்கும் அச்சிட்ட மின்முனை சென்சாரை உருவாக்கி, கள மாதிரிகளில் டைஃபினைல் கார்பசைட் முறையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல்.’ குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, மொத்தக் குரோமியத்துக்கு வைத்திருக்கும் வரம்பு 0.05. ஆகவே அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் இருக்கிறது. ஒப்பீட்டு முறையையும் யோசித்துத்தான் போட வேண்டும். ‘ஐ.சி.பி-எம்.எஸ். கருவியோடு ஒப்பிடுவோம்’ என்று மட்டும் எழுதினால் துறை தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார்; உலோகங்களை மிக நுண்ணிய அளவில் அளக்கும் அந்தக் கருவியைத் தனியாக வைத்தால் மொத்தக் குரோமியத்தைத்தான் காட்டும், மூன்று எவ்வளவு, ஆறு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. டைஃபினைல் கார்பசைட் ஆறோடு மட்டும் சேர்ந்து ஊதா நிறம் தரும், 540 நானோமீட்டரில் படிக்கலாம், சாதாரண ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் போதும். நீரில் இரும்பு அதிகமிருந்தால் அந்த முறையில் இடையூறு வரும் என்பதையும், அதை எப்படிச் சமாளிப்பீர்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிட்டால், இவருக்கு வேலை தெரியும் என்ற நம்பிக்கை படிப்பவருக்கு வந்துவிடும். ஐந்து பக்கம் எழுதிய இலக்கிய ஆய்வு தராத நம்பிக்கை அது.

இப்படி மூன்று நோக்கம் போதும், நான்கு அதிகபட்சம். ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன பரிசோதனை, எத்தனை மாதிரி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று வேலைத் திட்டம் எழுதுங்கள். முதல் ஆறு மாதத்தில் பெரிய முடிவு எதையும் வாக்குத் தராதீர்கள். அந்தக் காலம் ஆள் எடுப்பதிலும் கருவி வாங்குவதிலும் போய்விடும். ராணிப்பேட்டையில் மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுக்க வேண்டும் என்றால் வடகிழக்குப் பருவமழையின் மாதங்களை அட்டவணையில் குறியுங்கள். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும்.

ஆரம்பநிலைத் தரவு கையில் இருந்தால் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். ஒரே ஒரு வரைபடம் போதும். எல்லாம் இனிமேல்தான் என்று எழுதப்பட்ட ப்ரபோசலுக்கும், சிறியதாக ஏதோ ஒன்றைச் செய்து காட்டிய ப்ரபோசலுக்கும் மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரியும்.

அனுப்பும் வாரம்

கடைசி நாள் மாலையில் தளம் திணறும். இரண்டு நாள் முன்பே சமர்ப்பித்துவிடுங்கள். ஃபைல் அளவு வரம்பை மீறியிருக்கிறதா, ஸ்கேன் செய்த சான்றில் முத்திரை தெளிவாகத் தெரிகிறதா, படிவத்தில் தட்டிய பட்ஜெட் கூட்டுத்தொகையும் பி.டி.எஃப்-இல் உள்ள கூட்டுத்தொகையும் ஒன்றுதானா என்று உங்கள் துறையைச் சேராத ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணில் உள்ள பிழை எழுதியவர் கண்ணுக்குத் தெரியாது.

பிறகு காத்திருப்பு. சில மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம். குழுவின் முன் பேச அழைத்தால் பத்து நிமிடத்துக்குள் முடிக்கப் பழகிக்கொள்ளுங்கள். பட்ஜெட் பக்கத்தைக் கையில் வைத்திருங்கள், கேள்விகள் அங்கிருந்துதான் நிறைய வரும். நிராகரித்தால் மதிப்பீட்டாளர் குறிப்பு கிடைக்கிறதா பாருங்கள். ‘புதுமை போதவில்லை’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. ‘மாதிரி எண்ணிக்கை ஏன் என்று சொல்லவில்லை’ போன்ற குறிப்பு வந்தால் அதைத் திருத்தி அடுத்த அறிவிப்புக்கு அனுப்பலாம்.

நிதி வந்த பிறகு

ஒதுக்கீட்டு ஆணையின் நிபந்தனைகளை முழுதாகப் படியுங்கள். எத்தனையோ பேர் தொகையைப் பார்த்துவிட்டு ஆணையை ஃபைலில் போட்டுவிடுகிறார்கள். கொள்முதலுக்கு எந்த விதி என்று அதில் இருக்கும், பெரும்பாலும் மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017. கொட்டேஷன்கள், கொள்முதல் குழு, ஒப்பீட்டு அட்டவணை, குழுவின் கையெழுத்து எல்லாம் முறைப்படி இருக்க வேண்டும். ஒரே கம்பெனிதான் தயாரிக்கிறது என்றால் அதற்கான தனிச் சான்று கோப்பில் இருக்க வேண்டும். 2025 ஜூனில் மத்திய அறிவியல் துறைகளின் கீழுள்ள நிறுவனங்களுக்குக் கொள்முதல் வரம்புகளை நிதியமைச்சகம் தளர்த்தியது. அது உங்கள் கல்லூரிக்கும் பொருந்தும் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம், ஆணை என்ன சொல்கிறதோ அதுதான்.

முன்பெல்லாம் வருடப் பணம் மொத்தமாகக் கல்லூரிக் கணக்கில் வந்து உட்காரும். இப்போது பல திட்டங்களில் செலவு செய்யும் வரம்பு மட்டும் ஒதுக்கப்படுகிறது, மார்ச் 31-இல் பயன்படுத்தாத வரம்பு திரும்பிப் போய்விடும். டிசம்பரில் ஆர்டர் கொடுத்த இறக்குமதிக் கருவி ஏப்ரலில் வந்து இறங்கினால் பெரிய சிக்கல். வாங்க வேண்டியதை நிதியாண்டின் முதல் பாதியிலேயே ஆர்டர் செய்யுங்கள்.

வருடா வருடம் இரண்டு தாள் அனுப்ப வேண்டும்: ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று, அதாவது எல்லோரும் யூ.சி. என்று சொல்வது, கூடவே செலவு அறிக்கை. இவை போய்ச் சேராமல் அடுத்த தவணை வராது. திரும்பி வருவதற்கான காரணங்கள் எப்போதும் ஏறக்குறைய இவைதான்: மூலதனமும் பொதுவும் ஒன்றாகக் கலந்திருப்பது, போன வருட மிச்சத்தை ஆரம்ப இருப்பாகக் காட்டாதது, வட்டியைக் காட்டாதது, ஆடிட்டர் கையெழுத்துக்குக் கீழே அந்தச் சான்றுக்கான தனி அடையாள எண்ணான யு.டி.ஐ.என். இல்லாதது. கணக்கில் சேர்ந்த வட்டி உங்களுடையதும் இல்லை, கல்லூரியுடையதும் இல்லை. மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும், கட்டிய ரசீதையும் இணைக்க வேண்டும்.

வாங்கிய கருவியை அன்றே சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, ப்ராஜெக்ட் எண்ணைக் கருவியின் மேல் ஒட்டிவிடுங்கள். அனுமதி இல்லாமல் விற்கவோ வேறிடத்துக்குக் கொண்டுபோகவோ முடியாது. நடுவில் வேறு கல்லூரிக்கு மாறப் போகிறீர்கள் என்றால், ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன் நிதி தந்த அமைப்புக்கு எழுதுங்கள். ப்ராஜெக்ட்டைப் புதிய இடத்துக்கு மாற்றுவதா, இணை ஆய்வாளரிடம் ஒப்படைப்பதா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். பழைய கல்லூரியின் ஆட்சேபணையின்மைச் சான்று, புதிய கல்லூரியின் ஒப்புதல், அன்றைய தேதி வரையான யூ.சி. மூன்றும் கேட்பார்கள். பணியிலிருந்து விடுவித்த பிறகு பழைய கல்லூரி அலுவலகத்தில் யூ.சி-க்குக் கையெழுத்து வாங்குவது எவ்வளவு நாள் இழுக்கும் என்று சொல்லவே முடியாது. விடைபெறும் முன்பே வாங்கிவிடுங்கள்.